பெயர் சொல்லும்போது மட்டும் ஏன் நாக்கு நிற்கிறது? திக்கல் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளுக்கு, சிறுவயது முதலே திக்கிப் பேசிவரும் ஒருவர் பதிலளிக்கிறார்.

அண்ணா, அலுவலகக் கூட்டத்தில் அறிமுகம் செய்துகொள்ளும்போது என் பெயரே வருவதில்லை. மற்ற சொற்களை மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடுகிறேன். (எலெக்ட்ரானிக் சிட்டி)

பெயரை மாற்றிப் போட முடியாதே, அதனால்தான் அங்கே மாட்டிக்கொள்கிறீர்கள். மற்ற இடங்களில் மாற்றுவதும் லாபமில்லை. சிவாஜிநகர் என்று சொல்ல வராமல், வாய்க்கு வந்த வேறொரு நிறுத்தத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து டிக்கெட் வாங்குபவர்களை எனக்குத் தெரியும். ஒதுங்க ஒதுங்க அந்தச் சொல்லின்மீது பயம்தான் வளரும்.

பிரகாஷ் என்று வைத்துக்கொள்வோம். 'ப்' வரும்போது உதடுகளை இறுக்கி மூடாதீர்கள். பட்டும் படாமலும் தொடட்டும். மூச்சு லேசாக வெளியேறத் தொடங்கியதும் 'பிர' என்பதை நிதானமாக நீட்டுங்கள். அப்படியும் திக்கினால், சொல்லை முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தி, அதே சொல்லை இறுக்கமில்லாமல் மறுபடி சொல்லுங்கள். இது, தானும் திக்கிய அமெரிக்க நிபுணர் சார்ல்ஸ் வான் ரைப்பர் கற்றுக்கொடுத்த முறை. பழகியபின் சொல்லின் நடுவிலேயே பிடியைத் தளர்த்திக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். மறைக்கிற பாடு பெரும் பாடு. அதில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

ஆட்டோவில் ஓடிபி சொல்லத் திணறுகிறேன். போனை நீட்டிவிடலாமா? (அல்சூர்)

மழையில், சில்க் போர்டு நெரிசலில் தாராளமாக நீட்டுங்கள். யாரும் பரீட்சை வைக்கவில்லை. தினமும் நீட்டுவதுதான் கெட்ட பழக்கம். கன்னடத்தில் நான்கைச் சொல்லும் "நால்கு" என்பதில் நின்றால் நிற்கட்டும். ஓட்டுநருக்கு எண் கிடைத்தால் போதும்.

தம்பி, என் மூன்றரை வயதுப் பேரன் "அ-அ-அம்மா" என்கிறான். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்பதாலா? (கே.ஆர்.புரம்)

வசம்பு வேண்டாம் அம்மா, அதனால் திக்கல் போகாது. இரண்டு மொழி பேசுவதாலும் திக்கல் வருவதில்லை. சுமார் 5 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது போய்விடும். ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகம் இறுகினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ காத்திருக்காதீர்கள். நம் பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் பேச்சுக் குறைபாடுகளுக்கான (பேச்சு நோய்க்குறியியல்) பிரிவு இருக்கிறது. 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் பக்கத்து மைசூரில்தான். அதுவரை "மெதுவாகப் பேசுடா" என்று அவனிடம் சொல்லாமல், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

பாடும்போது திக்குவதில்லையே, அப்படியென்றால் இது வெறும் மனப்பிரமைதானே?

இல்லை. பாட்டில் சொற்கள் முன்பே தெரியும், உயிரெழுத்து நீளும், தாளம் கைகொடுக்கும். திக்கலில் மரபணுவுக்கும், பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளுக்கும் பங்குண்டு. பயம் அதை மோசமாக்கும், அவ்வளவே.

தொலைபேசி நேர்முகத்தேர்வில் 'ஹலோ' வரவில்லை. எதிர்முனையில் வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை முன்கூட்டியே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள்: "எனக்குத் திக்கல் உண்டு. அமைதியாக இருந்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்." முடிந்தால் வீடியோ அழைப்பாகக் கேளுங்கள், உங்கள் வாய் அசைவது தெரிந்தால் காத்திருப்பார்கள்.