வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே கைவினை சோப்புத் தொழில் தொடங்க முடியுமா?

தொடங்கலாம், ஆனால் விற்கும் முன் உரிமம் வேண்டும். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகத்தான் கணக்கு. 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமையலறையைக் காட்டி வாங்குவது கஷ்டம். உரிமம் உள்ளவர் கூடத்தில் செய்துகொள்ள ‘லோன் லைசென்ஸ்’ உண்டு. சின்ன முதலுக்கு அதுதான் தோது.

பாமாயில், விலங்குக் கொழுப்பு இல்லாமல் செய்ய நினைத்தால் தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெய் முழுதும் சோப்பாக, 1 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். அப்படிச் செய்தால் தோல் வறளும்; 147 கிராமோடு நிறுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிஞ்சி மென்மை தரும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

அப்புறம் 4 முதல் 6 வாரம் உலர வேண்டும். நம் பக்கத்துக் கடல் காற்றில் சோப்பு வியர்க்கும், மின்விசிறி ஓடட்டும்.