செத்த பூர்புல் குட்டிக்கு யார் பொறுப்பு, பிழைத்த குட்டிக்கு என்ன சாப்பாடு?

கேள்வி: ஐயா வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர் பக்கம் 11 ஹெக்டேர் கரும்பும், ஆற்றோரமாக மடும்பி (சேப்பங்கிழங்கு), பீன்ஸ், மிளகாயும் போட்டிருக்கிறேன். நாலு ஆடும் உண்டு. இரவில் பம்ப்செட் கேபிள் திருட்டு, பகலில் குரங்குத் தொல்லை. அதனால் காவலுக்கு என்று பூர்புல் என்ற பெரிய காவல்நாய் இனத்தில் இரண்டு குட்டிகள் வாங்கினேன், ஒன்று 4,500 ராண்ட். ஆண் குட்டி வந்த மறுநாளே வாந்தி எடுத்தது, ரத்தமாகக் கழிந்தது, நான்காம் நாள் செத்துவிட்டது. விற்றவர் "என்னிடம் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் மண்ணில்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு இப்போது போனையே எடுப்பதில்லை. பெண் குட்டி பிழைத்துக்கொண்டது. இப்போது பத்து வாரம், எலும்பும் தோலுமாக நிற்கிறது. மீலி மீல் (மக்காச்சோள மாவு) களியும் மிச்சக் குழம்பும் போடுகிறோம். கால் உறுதிக்கு எலும்புத்தூள் கலக்கலாமா? பக்கத்து மக்கடேமியா தோட்டக்காரர், காய்ந்த மிளகாயும் துளி வெடிமருந்தும் கொடுத்தால் முரடாக வளரும் என்கிறார். ஒரு வருஷம் கழித்து இதைக் குட்டி போடவைத்து விட்ட காசை எடுத்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு. உங்கள் யோசனை வேண்டும்.

பதில்: தம்பி, வெடிமருந்துப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். என் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெடிமருந்தும் மிளகாயும் தின்ற நாய்க்கு வயிறு எரியும், கழியும். வலியில் இருக்கிற நாய் யாரைப் பார்த்தாலும் சீறும், அதைப் பார்த்துவிட்டு "முரடாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

ஆண் குட்டிக்கு வந்தது பார்வோ என்கிற குடல் வைரஸ் நோய். இந்த ஊரில் 'கேட் ஃப்ளூ' என்றுதான் சொல்வார்கள், பூனைக்கு வரும் சளிக்காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாவிட்டாலும் பேர் ஒட்டிக்கொண்டது. நேரில் பார்க்காமல் சொல்கிறேன்தான், ஆனால் அந்த வயதில் ரத்தக் கழிச்சல், வாந்தி, நாலு நாளில் சாவு என்றால் எனக்கு வேறு எதுவும் முதலில் தோன்றாது. இனி கணக்கைப் பாருங்கள். இந்தக் கிருமி உடம்பில் ஏறி நோய் வெளியே தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். உங்கள் குட்டி வந்த மறுநாளே வாந்தி எடுத்திருக்கிறது. அப்படியானால் கிருமி ஏறியது உங்கள் மண்ணிலா, அவர் கொட்டடியிலா? நோய் எப்போது தொடங்கியது என்ற தேதிதான் உங்கள் முக்கியமான சாட்சி. மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், விற்றவரோடு பேசிய வாட்ஸப் எதையும் அழிக்காதீர்கள்.

சரி, பணம் திரும்புமா? அவர் ஈற்றுக்கு ஈற்று விளம்பரம் போட்டுத் தொழிலாக விற்பவர் என்றால் 2008-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்து பணம் கேட்கலாம் என்கிறது அது. உயிரைப் பொருள் என்று சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சட்டத்தின் பார்வை அப்படித்தான். 14 நாள் கெடு வைத்து எழுத்தில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், அசையவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போங்கள். 2019 முதல் 20,000 ராண்ட் வரையான வழக்குகளை அங்கே எடுக்கிறார்கள், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. ஆனால் அவர் பெயர் என்ன, வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். இப்படிக் கேள்வி கேட்டு வருகிற பலரும் குட்டியை வாங்கியது என்.2 சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில், ஒரு பக்கி (பிக்கப்) வண்டியின் பின்தட்டைத் திறந்து, வாழைக்காய்ப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து. தாயைப் பார்க்கவில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கவில்லை. 'நாய் விற்ற காசு குரைக்காது' என்பது சரிதான், பங்கில் கைமாறிய காசுக்கு முகவரிகூட இருக்காது.

அவர் கொடுத்த தடுப்பூசி அட்டையை இப்போது எடுத்துப் பாருங்கள். ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அதன்மேல் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் பேனாவில் 'டன்' (முடிந்தது) என்று எழுதியிருந்தால் ஊசி போட்டதாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, ஒரு ஊசி போட்டாயிற்று என்பதே பெரிதில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டி உடம்பில் மிச்சமிருக்கும்வரை ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரம் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை போடுகிறோம். பிழைத்த குட்டிக்கும் இதைத் தொடருங்கள், பார்வோ மட்டுமா நோய்.

வெறிநோய் ஊசியை விட்டுவிடாதீர்கள், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு அதை விடவே கூடாது. மூன்று மாதத்தில் ஒன்று, பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒன்று. சட்டப்படியே கட்டாயம். அரசு கால்நடைத் துறை முகாம் போட்டால் காசு வாங்குவதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் மாட்டை உண்ணி மருந்தில் முக்கும் டிப் டேங்க் பக்கத்திலேயே மேஜை போட்டு உட்காருவோம், பையன்கள் கம்பிக் கயிற்றில் நாயை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், கரும்புத் தோட்டம் வைத்திருக்கிற நம் ஆட்கள் மட்டும் 'வேலை இருக்கு' என்று வராமல் இருப்பார்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

முற்றத்தில் இன்னும் கிருமி கிடக்கும். செத்த குட்டி படுத்த சாக்கு, துணியை எரித்துவிடுங்கள். சிமென்ட் தரையில் அழுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ஜிக் ப்ளீச்சுக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷமாவது ஊறவிடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் ஜிக் வேலை செய்யாது. மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலும் கிடக்கும், அங்கே ஜிக்கும் பலிக்காது. ஆகவே ஜோடிக்கு என்று இன்னொரு சின்னக் குட்டியை இப்போதைக்குக் கொண்டுவராதீர்கள். பிழைத்தவளின் மலத்திலும் சில வாரம் கிருமி வரும், தொழிலாளர் குடியிருப்பில் குட்டிகள் இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி சாப்பாடு. மீலி மீல் களி வயிற்றை நிரப்பும், நாயை வளர்க்காது. குழம்பில் வெங்காயம், உப்பு, மசாலா இருக்கிறது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே இளைத்துப்போன குட்டிக்கு அது தேவையா? வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். ஒரு நாலைந்து நாளைக்குத் தோலில்லாத கோழி இறைச்சியும் குழைந்த சோறும் உப்பில்லாமல் வேகவைத்து, நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாகப் பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் தீவனத்துக்கு மாற்றுங்கள். கோ-ஆப் கடையில் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'வி' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், 1947-ம் வருஷ 36-ம் சட்டம் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். உரத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் உள்ள அதே சட்டம்தான். கடைக்காரர் பெரிய மூட்டையைப் பிரித்துப் பிளாஸ்டிக் பையில் அளந்து கொடுப்பதில் அந்த எண்ணும் கிடையாது, பழசா புதுசா என்றும் தெரியாது.

எலும்புத்தூள் வேண்டாம். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுக்கிற காரியம் அது. சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, வந்ததையெல்லாம் உள்ளே விட்டுவிடும். பூர்புல் மாதிரி 60, 70 கிலோ வரப்போகிற நாய்க்கு அதனால் எலும்பும் மூட்டும் கோணிப்போகும். உப்பவைக்கவும் வேண்டாம். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், தூரத்தில் நின்று எண்ணும்படி தெரியக்கூடாது. நாலு மாதத்துக்குப் பின் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை போதும்.

மக்கடேமியா என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதைப் படித்ததும் திக்கென்றது. அந்தப் பருப்பு நாய்க்கு ஆகாது. தின்ற பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பின்னங்கால் துவண்டு, நடுங்கி, வாந்தி எடுக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாலும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற நாயைப் பார்த்தால் பாம்பு தீண்டியதோ என்றுதான் நினைப்பீர்கள். காய் உதிர்கிற காலத்தில் வேலிப் பக்கம் விடாதீர்கள். அதே மாதிரி, பூசைக்கு ஆடு வெட்டினால் பச்சைக் குடலும் ஈரலும் நுரையீரலும் நாய்க்கு வீசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதிலுள்ள புழுக்கட்டி நாய் வயிற்றில் நாடாப்புழுவாகி, மலம் வழியாகப் புல்லுக்கு வந்து, திரும்ப உங்கள் ஆட்டுக்கே ஏறும். ஒரு வகைப் புழு பிள்ளைகளுக்கும் ஏறும். நன்றாக வேகவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் புதைத்துவிடுங்கள்.

உண்ணியைப் பற்றி என் கதையைச் சொன்னால்தான் ஆகும். இருபத்தேழு வருஷம் மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்தவன் நான். ஒரு தைப்பூசத்துக்குக் காவடி வேலையில் மூன்று நாள் என் சொந்த நாயைத் தொடவில்லை. நாலாம் நாள் மாமரத்தடியில் படுத்தே கிடந்தான், கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, சிறுநீர் கருஞ்சிவப்பு. பிலியரி, உண்ணி கடித்து வருகிற ரத்த நோய். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே போய்விட்டான். முந்தின நாள் மாலை ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் இருந்திருப்பான். இங்கே வரும் பிலியரி அவ்வளவு வேகமானது. தினமும் காதுமடல், கால்விரல் இடுக்கு, வாலடி தடவிப் பாருங்கள், ஈறின் நிறத்தையும் பாருங்கள். மாட்டுக்கு வைத்திருக்கிற பெரனில் ஊசி மருந்தை நீங்களே நாய்க்கு ஏற்றிவிடாதீர்கள், நாய்க்கு அதில் மருந்தளவுக்கும் விஷ அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு, மூளையைத் தாக்கும்.

காவலுக்கு என்று சங்கிலியில் கட்டியே வளர்க்காதீர்கள். பதினாலு வாரம் வரை பார்க்கிற முகம், கேட்கிற சத்தம்தான் அதன் உலகம். உங்களிடம் களையெடுக்க வருகிற ஜூலு பெண்கள் கையாலும் அது சோறு வாங்கித் தின்னட்டும், டிராக்டர் சத்தம் கேட்கட்டும். அதிகாரம் இல்லாதவர்களைப் பார்த்து மட்டும் குரைக்கிற நாயை இந்த நாட்டில் நிறையப் பார்த்தாயிற்று. குரங்கை விரட்டக் குரைத்தால் போதும், பிடிக்கப் பழக்காதீர்கள், ஆண் குரங்கின் கோரைப்பல் நாயின் தோளைக் கிழித்து நான் தையல் போட உதவியிருக்கிறேன்.

வேலியும் கேட்டும் உங்கள் பொறுப்பு. ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த விதி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் போன ஆளை நாய் கடித்தால், உரிமையாளர் பக்கம் தவறே இல்லாவிட்டாலும் நஷ்டஈடு அவர் தலையில்தான். தெருவில் போன ஒருவரை மூன்று நாய்கள் குதறி, அவர் கையையே வெட்டி எடுக்க நேர்ந்த வழக்கில், 'யாரோ ஒருவன் என் கேட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறான், அதனால்தான் நாய் வெளியே போனது' என்று சொன்ன உரிமையாளரின் வாதம் 2020-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

கடைசியாகக் குட்டி போடவைத்துக் காசு எடுக்கிற யோசனை. தம்பி, கோபிக்காதீர்கள், பார்வோவில் செத்த குட்டியை விற்ற அந்த ஆளும் அநேகமாக இப்படி ஒரு கணக்கில்தான் தொடங்கியிருப்பார். ஒரு வயதில் பூர்புல் பெட்டை வளர்ந்தே முடித்திருக்காது. இரண்டு வயதாகட்டும், இடுப்புக்கும் முழங்கை மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுங்கள், கண்ணிமை உள்ளே மடிகிறதா, சினைக்காலத்தில் பிறப்புறுப்பு வீங்கி வெளியே தள்ளுகிறதா பாருங்கள், இந்த இனத்தில் இவையெல்லாம் உண்டு. பூர்புல் சங்கத்தில் பதிவு செய்து அவர்கள் மதிப்பீட்டாளர் வந்து நாயை அளந்து மதிப்பெண் போடட்டும். சீட்டு இருப்பதாலேயே நாய் ஆரோக்கியமானது என்று அர்த்தமில்லை, ஆனால் சீட்டில் ஒரு பெயரும் முகவரியும் இருக்கும், உங்களுக்கு இன்று கிடைக்காமல் போனது அதுதானே. அப்புறம் எட்டு, பத்துக் குட்டி பிறந்தால் ஒவ்வொன்றுக்கும் புழு மருந்து, ஊசி, எட்டு வாரத் தீவனம், சிசேரியன் ஆனால் அந்தச் செலவு, விற்காமல் மிஞ்சுகிற மூன்று குட்டி, ஒரு வருஷம் கழித்து 'வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்' என்று ஒருவர் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிற நாய், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். 4,500 ராண்டை எடுக்கப் போய் அதைப்போல் சில மடங்கு விடுவீர்கள். என்னைக் கேட்டால், மருத்துவர் சொல்கிற வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். மூட்டு முதிர்வதற்காகப் பெரிய இனத்துக்குக் கொஞ்சம் தள்ளியே செய்யச் சொல்வார்கள், அதுவரை சினைக்கு வரும்போது அடைத்து வையுங்கள்.

நாளைக் காலை அவள் சாப்பிடுவதற்கு முன் உதட்டைத் தூக்கி ஈறைப் படமெடுத்து அனுப்புங்கள், கூடவே தடுப்பூசி அட்டையின் இரண்டு பக்கமும். குளியல் எடைத்தராசில் முதலில் நீங்கள் மட்டும், பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு நின்று, வித்தியாசத்தைக் கழித்து எடையையும் எழுதுங்கள், தீவன அளவும் புழு மருந்து அளவும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.