சூயஸ் கால்வாய்ப் பங்குகளை எகிப்து ஏன் பிரிட்டனுக்கு விற்றது?

வேறு வழியில்லை, கடன் கழுத்தை நெரித்தது, அதனால்தான். கால்வாயை வெட்டியது பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் கம்பெனி. பங்குகள் எதிர்பார்த்தபடி விற்காததால் 4 லட்சத்தில் சுமார் 1,77,000 பங்குகள் எகிப்து அரசின் தலையில் விழுந்தன. 1869-இல் கால்வாய் திறந்தபோது கெதிவ் (எகிப்தின் ஆட்சியாளர்) இஸ்மாயில் நடத்திய தடபுடல் விழாவும் கடன் வாங்கிச் செய்ததுதான்.

1875 நவம்பரில் வட்டி கட்டக்கூடப் பணமில்லை. பங்குகளை வைத்துப் பிரெஞ்சு வங்கிக்காரர்களிடம் இஸ்மாயில் பேரம் பேசுகிறார் என்ற செய்தி லண்டனுக்கு எட்டியதும் பிரதமர் டிஸ்ரேலி குறுக்கே புகுந்தார். அப்போது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை, கஜானாவிலிருந்து எடுக்க அனுமதி வேண்டும், அதற்குக் காத்திருந்தால் பங்கு கைநழுவிவிடும், எனவே லண்டன் வங்கிக்காரர் ராத்சைல்டிடம் சுமார் 40 லட்சம் பவுண்டு கடன் வாங்கினார்கள். இரண்டரை சதவீதம் கமிஷன். நாட்டுக்காகச் செய்த உதவி என்றாலும் வியாபாரம் வியாபாரம்தானே!

இதில் பலர் கவனிக்காத ஒன்று: அந்தப் பங்குகளின் வட்டி உரிமையை இஸ்மாயில் ஏற்கனவே 1894 வரை அடகு வைத்திருந்தார். அதை ஈடுகட்ட, விற்ற பிறகும் பிரிட்டன் கொடுத்த விலைக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் எகிப்தே பிரிட்டனுக்குக் கட்ட வேண்டியிருந்தது. சொத்தையும் கொடுத்து வட்டியும் கட்டிய கதை.

விற்ற காசும் போதவில்லை. 1876-இல் எகிப்து திவால், அப்புறம் 1880-இல் லாபத்தில் தனக்கிருந்த 15 சதவீத உரிமையும் பிரெஞ்சு வங்கியிடம் போனது. 1882-இல் பிரிட்டிஷ் படையே வந்து இறங்கிவிட்டது.