பழைய எம்ஆர்2 டர்போ: 15 பி.எஸ்.ஐ. வைப்பதற்கு முன்னால்

கனடாவின் மிசிசாகாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், சொந்த ஊர் கோயம்புத்தூர். ஜப்பானிலிருந்து இறக்கிய 1990 டொயோட்டா எம்ஆர்2 டர்போ வாங்கி மூன்று மாதம் ஆகிறதாம். வலதுபக்க ஸ்டியரிங், ஐந்து கியர் மேனுவல், மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர், செலவுக்குக் கையில் 6,000 டாலர். அவர் கேட்பது இதுதான்: "அண்ணா, பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டு 15 பி.எஸ்.ஐ. வைக்கச் சொல்லி நண்பர் சொல்கிறார். கூடவே புஸ்ஸென்று சத்தம் விடுகிற ப்ளோ-ஆஃப் வால்வு, உயரம் மாற்றக்கூடிய காய்லோவர் சஸ்பென்ஷன், 17 அங்குல வீல் எல்லாம் ஆசை. எதை முதலில் செய்வது? இன்னொன்று, குளிர் ஆரம்பித்ததிலிருந்து மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் வண்டி சுவரில் முட்டியது மாதிரி சட்டென்று அடங்கி, காலை எடுத்து மிதித்தால் மறுபடி இழுக்கிறது. டர்போ போய்விட்டதா? பழைய ஓனர் பெரிய எக்ஸாஸ்ட் போட்டிருக்கிறார், மற்றதெல்லாம் ஒரிஜினல்."

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் தம்பி, ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது. டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற பாகம், போகவில்லை. நீங்கள் சொல்வது ஃபியூவல் கட். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டாம் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ என்ஜின், 1998 சிசி, ஜப்பான் கணக்கில் 225 குதிரைத்திறன். காற்று உள்ளே போகிற இன்டேக்கில் அழுத்தம், அதாவது பூஸ்ட், சுமார் 12 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் அதன் ஈசியூ என்கிற என்ஜின் கணினி பெட்ரோலை ஒரேயடியாக நிறுத்திவிடும். உள்ளே வருகிற காற்றை அளக்கிற மீட்டரும் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரும் அதற்கு மேல் ஈடுகொடுக்காது என்று தெரிந்து கம்பெனியே வைத்த காவல் அது.

சரி, கன்ட்ரோலரே போடாத வண்டியில் 12 எப்படி வந்தது? அந்தப் பெரிய எக்ஸாஸ்ட்தான். டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் டர்பைன் வேகமாகச் சுற்றும். போதுமான பூஸ்ட் வந்ததும் வேஸ்ட்கேட் என்கிற சின்னக் கதவு திறந்து மிச்சப் புகையை வேறு வழியில் விட வேண்டும். உங்கள் சிடி26 டர்போவில் அந்த ஓட்டை சின்னது. கதவு முழுசாகத் திறந்தும் புகை போய்த் தீராது, ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். கோடையில் தப்பித்தீர்கள், குளிர்காற்று அடர்த்தியானது, அதனால் இப்போது 12-ஐத் தொட்டுவிடுகிறது. இதை ஊகமாக விடாமல் உறுதி செய்துகொள்ளுங்கள். டாஷ்போர்டில் இருக்கிற டர்போ முள்ளில் எண் கிடையாது, அதை நம்ப வேண்டாம். நல்ல பூஸ்ட் கேஜ் ஒன்று வாங்கி இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் டி போட்டு இணைத்துவிட்டு, முள் எந்த எண்ணில் இருக்கும்போது வண்டி அடங்குகிறது என்று பக்கத்தில் உட்காருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 12-க்குப் பக்கம் என்றால் நான் சொன்னதுதான். அதற்கு வெகு கீழேயே தடதடவென்று விக்கினால் அது பெரும்பாலும் ப்ளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஒயர் சமாசாரம், அதை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

பூஸ்ட் ஏறுவதை நிறுத்த இரண்டு வழி. ஒன்று, கொஞ்சம் அடைப்புள்ள எக்ஸாஸ்டுக்கே திரும்புவது. இரண்டாவது, டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்குவது. கழற்றும்போது டர்பைன் ஹவுசிங்கின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் இரண்டு புகை வழிகளுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் சிடி26 விரிசல் விடுவது சகஜம். மயிரிழை மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், வாய் பிளந்திருந்தால் ஹவுசிங்கை மாற்ற வேண்டியதுதான்.

நண்பர் சொன்ன 15 பி.எஸ்.ஐ.க்கு வருகிறேன். வைக்கலாம், கன்ட்ரோலரின் திருகைத் திருப்பினால் வந்துவிடும். உடனே ஃபியூவல் கட் தடுக்கும். அப்புறம் யாராவது ஃபியூவல் கட் டிஃபெண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுவார்கள். பூஸ்ட் சென்சாரிலிருந்து ஈசியூவுக்குப் போகிற சிக்னலைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுவதுதான் அதன் வேலை. நான் என் முதல் எம்ஆர்2-வில் அதைத்தான் போட்டேன். இரண்டு வாரம் சந்தோஷமாக ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு மேட்டில் நான்காவது கியரில் இழுக்கும்போது நீல நிறப் புகை. ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கிற விளிம்பு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது, மேல்முகத்தின் ஓரமெல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று அரித்திருந்தது. அந்த அரிப்பு நாக்கிங் அடித்த தடம். பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போய், ப்ளக் தீப்பொறிக்குப் பிறகு மிச்சக் கலவை தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியல் மாதிரி அடித்திருக்கிறது. டர்போ சத்தத்திலும் காற்றுச் சத்தத்திலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் என்ஜின் வைத்த வண்டியில் நாக்கிங் காதில் விழுவது இன்னும் கஷ்டம்.

இதில் பெட்ரோல் விஷயம் தனியாக உண்டு, ஜப்பான் வண்டி வாங்குகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. ஜப்பானில் ஹைஆக்டேன் பங்க்கில் 100 என்பார்கள், அது ஆர்ஓஎன் என்கிற கணக்கு, பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்குகிற அளவு. கனடா பங்க்கில் எழுதியிருக்கிற 91 வேறு கணக்கு, ஆர்ஓஎன்னில் சொன்னால் அது ஏறக்குறைய 95, 96 வரும். இங்கே கிடைக்கிற 94 தான் அங்கே இருந்ததற்கு ஓரளவு பக்கத்தில் வரும். ஆக உங்கள் வண்டி இப்போதே, ஒன்றும் செய்யாமலே, அதற்குப் பழக்கமில்லாத பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கலாம். இன்றிலிருந்து 94 மட்டும் போடுங்கள்.

இனி அந்த 6,000 டாலர். அதில் பாதியையாவது இந்த வண்டியை மறுபடி 1990-இல் கம்பெனி கொடுத்த நிலைக்குக் கொண்டுவரச் செலவு செய்யுங்கள். அலுப்பான பதில் என்று எனக்குத் தெரியும், ஆனால் முப்பது வயது தாண்டிய ரப்பரையும் ப்ளாஸ்டிக்கையும் நம்பி பூஸ்டை ஏற்றக் கூடாது. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டு அது ஏன் என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கையில் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து.

அடுத்தது பூஸ்ட் லீக் டெஸ்ட், இது வீட்டிலேயே செய்யலாம், செய்து பார்த்தால்தான் வண்டியே புரியும். பிவிசி பைப் மூடி ஒன்றில் துளை போட்டு டயர் வால்வு பொருத்தி, டர்போவுக்குள் காற்று நுழைகிற வாயில் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கம்ப்ரஸரால் பத்து பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டு ரேடியோவை அணைத்துக் காதைக் கொடுங்கள். பழைய எம்ஆர்2 ஒன்றில் முதல் முறை செய்தபோது ஐந்து இடத்தில் ஸ்ஸ்ஸென்று கேட்டது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை எங்கே கொப்பளிக்கிறதோ அதுதான் இடம்: இன்டர்கூலர் ஹோஸின் முனை, த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியில் இருக்கிற ரப்பர் வளையம், அப்புறம் பிஸ்கட் மாதிரி விரலில் நொறுங்குகிற வேக்யூம் ஹோஸ்கள். அந்த ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொன்றாக. மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே என்று தேடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும்.

கூலன்ட் பைப் இந்த வண்டியின் தனிச் சிக்கல். ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால், நடுவில் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகிற குழாய்கள். உப்புக் கொட்டுகிற ஊரில் அவை துருப்பிடிக்கும். கூலன்ட் மாற்றினால் முன்பக்கம் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் இருக்கிற காற்று விடும் திருகுகளைத் திறந்து காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் வெப்ப மீட்டரின் முள் நடுவில் இருக்கும்போதே ஹெட் சூடாகிவிடும். கை போகாத இடத்தில் ஒரு சின்னக் கூலன்ட் ஹோஸ் இருக்கிறது, எம்ஆர்2 ஓட்டுகிறவர்கள் அதை நரகத்து ஹோஸ் என்றே சொல்வார்கள். எப்போதாவது என்ஜினையோ டர்போவையோ இறக்கினால் அது நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ப்ளோ-ஆஃப் வால்வு: உங்கள் வண்டிக்கு வேண்டாம், புஸ் சத்தம் எனக்கும் பிடிக்கும், ஆனாலும் வேண்டாம். டர்போவுக்கு முன்னாலேயே ஏர்ஃப்ளோ மீட்டர் காற்றை அளந்து ஈசியூவுக்குச் சொல்லிவிடுகிறது. அளந்த காற்றை நீங்கள் வெளியே விட்டால், வராத காற்றுக்கும் சேர்த்து ஈசியூ பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது இருமல், கருப்புப் புகை, சிக்னலில் நிற்கும்போது ஆஃப். 1993 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை என்ஜினில் அந்த மீட்டர் கிடையாது, அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும், அதில் போடலாம். உங்களுக்கு, காற்றைத் திரும்ப இன்டேக்கிலேயே விடுகிற வால்வுதான் சரி.

இதெல்லாம் முடிந்து ஒரு கோடை முழுக்க வண்டி தொல்லை இல்லாமல் ஓடினால் அப்புறம் பவர் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் வாங்க வேண்டியது வைட்பேண்ட் மீட்டர். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11-லிருந்து 11.5-க்குள் இருக்கிறதா என்று அது காட்டும். அதன் பிறகு லிங்க், ஹால்டெக் மாதிரி ஒரு தனி ஈசியூ, பெரிய இன்ஜெக்டர், டைனோ என்கிற பவர் அளக்கும் மேடையில் உட்கார வைத்து 94 பெட்ரோலுக்கே செய்த ட்யூனிங். அந்த நாளில் 15 பி.எஸ்.ஐ. உங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை, மூன்றாம் தலைமுறை என்ஜினோடு வந்த சிடி20பி டர்போ வைத்தால் வண்டி 1,270 கிலோதான் என்பது ஒவ்வொரு கியரிலும் தெரியும். என்ஜினின் அடிப்பாகம் தாங்கும், இதே 3எஸ்-ஜிடிஇ குடும்பம்தான் செலிகா ஜிடி-ஃபோரில் 1990-லும் 1992-லும் கார்லோஸ் சைன்ஸுக்கு உலக ராலி பட்டம் வாங்கிக் கொடுத்தது.

டயர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் 1990 மாடலில் நடுவளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் லேசாகி, வண்டி சட்டென்று சுற்றிவிடும். டொயோட்டாவே 1991 டிசம்பரில் சஸ்பென்ஷனை மாற்றி, 15 அங்குல வீலும் பின்னால் 225 அகல டயரும் கொடுத்தது. உங்களுக்கும் அந்த அளவே போதும்: முன்னால் 195/55, பின்னால் 225/50. 17 போட்டால் எடை கூடும், பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அகலம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். இப்போது ஓடுகிற டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள், 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரைத் தூக்கிப் போடுங்கள். காய்லோவருக்கு முன்னால் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் புதுசு போட்டு, வீல் அலைன்மென்ட் செய்து ஓட்டிப் பாருங்கள், பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பின்பக்கம் சுற்றுவதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கயூகாவில் இருக்கிற டொரன்டோ மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க் மாதிரி மூடிய ட்ராக்கில் ஒரு பயிற்சியாளரோடு. 401 நெடுஞ்சாலையில் வேண்டாம்.

இன்ஷூரன்ஸுக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒன்டாரியோவில் 2019-இல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை நீக்கப்பட்டாலும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது இன்றும் குற்றம்தான். பழைய ஓனர் போட்ட எக்ஸாஸ்டில் அது இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள்.

உங்கள் கைவண்ணம் என்று சொல்ல ஏதாவது வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு என்ஜினைத் தொட வேண்டியதில்லை. தேய்ந்த சீட்டுக்குப் புதுத் துணி, கைக்குப் பிடித்த கியர் குமிழ், ஏர்பேக் இல்லாத ஸ்டியரிங் என்றால் நல்ல தோல் சுற்றிய சின்னச் சக்கரம், பின்னாளில் வந்த வட்ட டெயில் லைட். ஒவ்வொன்றும் பத்து மடங்கு அதிகமாகக் கண்ணிலும் கையிலும் படும். கழற்றுகிற ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்தையும் துடைத்து, போல்ட்டோடு பையில் போட்டு, பெயரெழுதி வையுங்கள். சில பாகங்கள் டொயோட்டாவிலேயே இனி கிடைக்காது.

இந்த வாரம் கேஜ் மட்டும் போதும். முள் எந்த எண்ணில் நின்றது, அப்போது எத்தனை ஆர்பிஎம், வெளியே எத்தனை டிகிரி என்று மூன்றையும் குறித்து அனுப்புங்கள், எக்ஸாஸ்டை மாற்றுவதா ஓட்டையைக் கடைவதா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கேஜ் பார்க்கிற அந்த ஒரு சோதனையைத் தவிர, அதுவரை மூன்றாவது கியரில் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டாம் தம்பி.