நேரலைச் செலவுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (சமையல் சேனல், மதுரை): வாரம் மூன்று நாள் நேரலை தொடங்க இருக்கிறேன். கையில் 36,000 ரூபாய் இருக்கிறது. முதலில் நல்ல கேமரா வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. கைப்பேசியின் பின்பக்கக் கேமராவே முதல் ஓராண்டுக்குப் போதும். படம் சற்று மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தாளிக்கும் ஓசையில் உங்கள் குரல் அமுங்கினால் உடனே வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். எனவே முதலில் காலர் மைக், அடுத்து விளக்கு, அதன்பின் ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் என்று வாங்குங்கள். மின்சாரம் போனால் கைப்பேசி அணையாது, ரவுட்டர்தான் அணையும் என்பதை நானே முதல் மின்வெட்டின்போதுதான் உணர்ந்தேன்.

கேள்வி (திருநெல்வேலி): நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவிலேயே நடத்த முடியாதா?

பதில்: 1080பி படத் தரத்தில், நொடிக்கு 4,500 கிலோபிட் பிட்ரேட்டில் (பிட்ரேட் என்பது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) நேரலை அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி செலவாகும்; அதாவது அன்றைய டேட்டா ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 720பி தரத்தில் 2,500 கிலோபிட் போதும் என்பதால் மணிக்குச் சுமார் 1.1 ஜிபி ஆகும். ஃபைபர் இணைப்பை முதன்மையாகவும் சிம்மை மாற்று வழியாகவும் வைத்துக்கொள்வதே நல்லது. இணைப்பு வாங்கும்போது டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாமல், அப்லோடு வேகம் பிட்ரேட்டைப் போல் இருமடங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: மென்பொருளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். நேரலை அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருள் இலவசம்.

கேள்வி (கேமிங் சேனல், கோவை): மாதச் செலவு எவ்வளவு என்றே தெரியாமல் செலவழிக்கிறேன். எப்படிக் கணக்கு வைப்பது?

பதில்: மாதக் கணக்கோடு நில்லாமல், நேரலையில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். மேலே மதுரைச் சகோதரி சொன்ன 36,000 ரூபாய்க்குக் கருவிகள் வாங்கி மூன்றாண்டுகள் பயன்படுத்துவதாகக் கொண்டால் மாதம் 1,000 ரூபாய். இணையத்துக்கு 800, மாற்று சிம்முக்கு 300, முகப்புப் படம் செய்பவருக்கும் சாட்டைக் கவனிப்பவருக்கும் 2,000, பழுதுக்கென எடுத்துவைப்பது 700 என்று வைத்தால் மொத்தம் 4,800 ஆகிறது. மாதம் 24 மணி நேரம் நேரலை நடத்தினால் மணிக்கு 200 ரூபாய். யூடியூபில் சூப்பர் சாட் (நேரலையின்போது பார்ப்பவர்கள் பணம் கட்டி அனுப்பும் செய்தி) தொகையில் வரி கழித்தபின் 70 விழுக்காடுதான் நமக்கு வரும் என்பதால், அந்த 200 ரூபாயை ஈட்ட வரி போக ஏறத்தாழ 290 ரூபாய் சூப்பர் சாட்டாக வந்தாக வேண்டும். பழுதுக்கான தொகையை வேறு எதற்கும் தொடாதீர்கள். கேப்சர் கார்டு (விளையாட்டுத் திரையின் காட்சியைக் கணினிக்குள் எடுக்கும் கருவி) பழுதாகும் நாளில் கடன் வாங்கும் நிலை அப்போதுதான் வராது.

கேள்வி: இந்த மாத வருமானத்தை வைத்தே அடுத்த மாதத் தவணையைக் கட்டலாமா?

பதில்: அந்தத் துணிவு எனக்கில்லை. ஒரு மாத யூடியூப் வருமானம் அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள்தான் அனுப்பப்படும். யூடியூப் பணம் நமக்கு வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேராவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பியிருந்தால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 15 விழுக்காடு பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே 24 விழுக்காடு வரை போகலாம். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே தவணையை எண்ணுங்கள்.

கேள்வி: விமர்சனத்துக்காக ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் மானிட்டர் தருகிறது. இலவசம்தானே?

பதில்: திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அது உங்கள் வருமானம். 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் இத்தகைய பலன்களுக்கு 10 விழுக்காடு வரிப் பிடித்தம் உண்டு. பொருளாகத் தரும்போது, பணமாகச் செலுத்த வேண்டிய அந்த 4,500 ரூபாய் யார் பொறுப்பு என்பதை மானிட்டர் வீடு வந்து சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.