‘ஜொபர்’ என்ற ஆங்கிலச் சொல் இடைநிலை வியாபாரியையும் கூலியாளையும் ஒருங்கே குறிப்பது ஏன்? தமிழில் ‘தரகர்’ என்று எழுதலாமா?

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரைப் பற்றிய கட்டுரையொன்றைத் தமிழாக்கும்போது ‘ஜொபர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்றும், ஓர் அகராதி அதற்கு மொத்த வியாபாரி என்றும் மற்றொன்று சில்லறை வேலை செய்பவர் என்றும் பொருள் தருகிறது என்றும், எல்லா இடத்திலும் ‘தரகர்’ என்று எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது என்பதே என் பதில். நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். படுவான்கரையில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராகச் சில காலம் இருந்தவன். அங்கே நெல் விற்பனைக் கணக்குகளைப் பார்த்துப் பழகியதனால் இந்த வேறுபாடு எனக்குச் சற்று அழுத்தமாகவே தெரிகிறது.

முதலில் ‘ஜொப்’ என்ற அடிச்சொல்லைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் ஒரு தாய், மகனுக்கு ‘ஜொப்’ கிடைத்துவிட்டது என்று சொன்னால், அது மாதச் சம்பளமும் இயலுமானால் ஓய்வூதியமும் உள்ள நியமனம். வயலுக்கோ கட்டட வேலைக்கோ நாட்கூலிக்குப் போகும் பிள்ளையைப் பற்றி அப்படி எவரும் சொல்வதில்லை. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. தொடர்ந்து செய்யும் தொழிலுக்கு அன்று வேறு சொற்கள் இருந்தன. தொடங்கி, முடித்து, கூலி வாங்கிக்கொண்டு போய்விடும் ஒரு துண்டு வேலைக்குத்தான் ‘ஜொப்’ என்று பெயர். அவ்வாறு துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்பவர் ‘ஜொபர்’ ஆனார். கூலியாள் என்ற பொருள் இங்கிருந்து வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இப்பொருளில் ‘ஜொபர்’ அருகிவிட்டாலும், ஒரே வீட்டில் நிலையாக வேலை செய்யாமல் அழைத்த வீடுகளுக்கெல்லாம் சென்று வேலை செய்யும் தோட்டக்காரரையும், நூலோ பத்திரிகையோ அச்சிடாமல் அழைப்பிதழ், நோட்டீஸ் போன்ற சிறு வேலைகளை மட்டும் ஏற்கும் அச்சகத்தாரையும் குறிக்க ‘ஜொபிங்’ என்ற அடைமொழி இன்னும் வழங்குகிறது.

வியாபாரி என்ற பொருளும் இதே துண்டு வேலையிலிருந்து பிறந்ததுதான். கூலியாள் வேலையைத் துண்டாக எடுப்பதுபோல இவர் சரக்கைத் துண்டாக எடுக்கிறார்: ஒரு தொகுதியை வாங்கி, அதை விற்று, அடுத்த தொகுதிக்குப் போகிறார். இருவருக்கும் ஓரிடத்தோடு நீடித்த பிணைப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உறவு அந்த அளவோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் பொருள் மிகத் துல்லியமாக வரையறுக்கப்பட்ட இடம் லண்டன் பங்குச் சந்தை. அங்கே ‘புரோக்கர்’ வேறு, ‘ஜொபர்’ வேறு. புரோக்கர் வாடிக்கையாளரின் சார்பில் பங்கை வாங்குவார் அல்லது விற்பார், அதற்குத் தரகு பெறுவார். பங்கு அவருடையதன்று, விலை ஏறினாலும் இறங்கினாலும் இலாப நட்டம் வாடிக்கையாளருக்கே. ஜொபரோ தம் சொந்தப் பணத்தில் பங்குகளை வாங்கிக் கையிருப்பில் வைத்து விற்பவர். பொதுமக்களோடு நேரடியாக வியாபாரம் செய்யாமல் புரோக்கர்களோடு மட்டுமே செய்பவர். புரோக்கர் வந்து விலை கேட்டால், அவர் வாங்க வந்தாரா விற்க வந்தாரா என்று அறியாமலேயே ஜொபர் இரண்டு விலைகளைச் சொல்ல வேண்டும். குறைந்தது அவர் வாங்கும் விலை, கூடியது அவர் விற்கும் விலை, இடையிலுள்ள வித்தியாசமே அவருடைய வருமானம். இந்தப் பிரிவு 1986 ஒக்டோபர் 27ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பெரும் சீர்திருத்தத்தோடு நீங்கியது.

அதற்கு முன்பே சொல் பெயர் கெட்டுத்தான் இருந்தது. பங்கு ஜொபர்களின் ‘இழிபுகழ்’ வழக்கத்தைத் தடுக்கவென்றே 1734இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி, பங்கு ஜொபரை இழிந்த மனிதர் என்றே வரையறுத்தது. பொதுப் பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துவதற்கு ‘ஜொபரி’ என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். அமெரிக்க வழக்கில் அந்தக் கறை இல்லை. எரிபொருளையோ வாகன உதிரிப்பாகங்களையோ உற்பத்தியாளரிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு விற்பவர் அங்கே சாதாரணமாக ஜொபர்.

இதைத் தமிழில் ‘தரகர்’ என்று எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் எண்ணலாம். மகாபோக அறுவடை முடியும் நாட்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் எந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போனாலும் இதற்கு விடை கிடைக்கும். காயவைக்க இடமும் நேரமும் இல்லாமல், கடனை அடைக்கும் அவசரத்தில் விவசாயி ஈர நெல்லை வயலடியிலேயே விற்கிறார். லொறியோடு வந்து விலை பேசித் தம் பணத்தில் நெல்லை வாங்கிச் செல்பவர் ஒருவர். அவரைக் கூட்டி வந்து, இந்த வயலில் இத்தனை மூடை இருக்கிறது என்று காட்டி, மூடைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவர் இன்னொருவர். எங்கள் மக்கள் இருவரையும் ‘புரோக்கர்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நெல் நனைந்தாலும் ஆலைக்காரர் விலையைக் குறைத்தாலும் நட்டம் முதலாமவருக்கு. இரண்டாமவருக்கு நட்டமே இல்லை. முதலாமவரைத்தான் ஆங்கிலத்தில் ஜொபர் என்பார்கள்.

பணம் கைக்கு வரும்வரை இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படாது. ஒரு போகத்தில் எங்கள் அமைப்பைச் சேர்ந்த சிலர் நெல்லைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு அலைந்தார்கள். கூட்டி வந்தவர், நான் ஆளைக் காட்டியவன் மட்டுமே என்றார். வாங்கிச் சென்றவர், பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன் என்றார். விவசாயிகளின் கையிலிருந்த துண்டுச் சீட்டில் மூடைக் கணக்கும் ‘புரோக்கர்’ என்ற ஒரு சொல்லும் தவிர வேறொன்றும் இல்லை. வாங்கியவர் யார், தரகர் யார் என்று எழுதியிருந்தால் கடன்காரர் யார் என்பதில் வாதமே எழுந்திருக்காது. நெல்லை வாங்குவதற்கென 1971இல் அமைக்கப்பட்ட அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை இருந்தும், அதன் களஞ்சியம் வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் விவசாயி இந்த இருவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே சொந்தக் கணக்கில் வாங்கி விற்பவரை ‘இடைநிலை வியாபாரி’ என்றும், தரகு மட்டும் பெறுபவரைத் ‘தரகர்’ என்றும் பிரித்தே எழுதுங்கள்.

இனி உங்கள் பம்பாய் ஆலைக்கு வருகிறேன். அங்குள்ள ஜொபர் மேற்சொன்ன இருவருமல்லர், மூன்றாவது ஒருவர். ஆலைக்கு ஆட்களைச் சேர்ப்பவரும், சேர்த்த ஆட்களை மேற்பார்வை செய்பவரும், விடுமுறை கொடுப்பவரும், வேலையைவிட்டு நிறுத்துபவரும் அவரே. பெரும்பாலும் தம் ஊர்க்காரர்களையும் அயலவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தார். வேலை கொடுத்ததற்குக் கையூட்டும் வாங்கினார். காலையில் ஆலை வாசலில் காத்து நிற்கும் ‘பத்லி’ எனப்படும் மாற்றுத் தொழிலாளரில் எவரை உள்ளே விடுவது என்பதும் அவர் கையில் இருந்தது. இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு 1931இல் வெளியிட்ட அறிக்கை, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை ஜொபரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான். மராத்தியில் இவரை முகாதம் என்றும், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார் என்றும், தமிழ்நாட்டு ஆலைகளில் மேஸ்திரி என்றும் அழைத்தார்கள்.

இலங்கை வாசகருக்குக் ‘கங்காணி’ என்ற சொல் உடனே நினைவுக்கு வரும். மலையகத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணியும் ஊராரையும் உறவினரையும் கூட்டி வந்தார், மேற்பார்வை செய்தார், முற்பணம் கொடுத்துக் கடனில் பிணைத்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தோட்டத்திடமிருந்து காசும் பெற்றார். தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைத் தீர்த்தால் ஆளைப் பெறலாம் என்று தோட்டங்களுக்கிடையே கைமாறிய ‘துண்டு’ என்ற சீட்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பம்பாய் ஜொபருக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் இதுவே என்பது என் கருத்து. முதல் தடவை ‘ஜொபர் எனப்பட்ட ஆலைக் கங்காணி’ என்று எழுதி, பின்னர் ‘ஜொபர்’ என்றே தொடரலாம்; தமிழ்நாட்டு வாசகருக்கானால் ‘மேஸ்திரி’ பொருந்தும்.

எங்கள் பக்கத்து ‘முல்லைக்காரர்’ என்ற அழகான சொல்லையும் சிலர் முன்மொழியக்கூடும். அவரும் போடியாரின், அதாவது பெரும் நிலக்காரரின், வயலில் தங்கியிருந்து வேலையாட்களை மேற்பார்வை செய்தவர்தான். ஆனால் அவர் ஒரு போகம் முழுவதும் அந்த வயலோடு பிணைக்கப்பட்டவர்; தாமும் சேற்றில் இறங்கியவர். ஆலை வாசலில் ஆளுக்கு ஆள் பேரம் பேசியவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கட்டுரை இக்காலத்தையும் தொடுமாயின், இலங்கையில் ‘மேன்பவர்’ என்று சொல்லப்படும் ஏற்பாட்டை எப்படி எழுதுவது என்ற கேள்வியும் எழும். கட்டுநாயக்கவின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நாட்கணக்கில் ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் தொழிற்சாலையிடம் ஒரு தொகையை வாங்கித் தொழிலாளிக்கு வேறொரு தொகையைக் கொடுக்கின்றன. வித்தியாசம் அவற்றின் வருமானம். லண்டன் ஜொபர் பங்கில் செய்ததை இவர்கள் மனித உழைப்பில் செய்கிறார்கள், அதிலும் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பது வேலை செய்யும் பெண்பிள்ளைக்குச் சொல்லப்படுவதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தலைக்கு இவ்வளவு என்று பெறும் உப முகவரோடு இவர்களைக் கலந்துவிடாதீர்கள். அவர் தரகர், இவர்கள் ஆள் வழங்கும் வியாபாரிகள். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், தொழிலாளியின் கையில் சம்பளத்தைக் கொடுப்பவர் தொழிற்சாலையா, அனுப்பிய நிறுவனமா என்பதை அதே வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள்.