கல்லீரல் கட்டிக்கு ரோபோ ஆபரேஷனா, லேப்ராஸ்கோப்பியா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தது. இப்போது கல்லீரலின் வலப்பக்கம் 3 செ.மீ. கட்டி. ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி போதும் என்கிறார்கள், இன்னொன்றில் ரோபோதான் நல்லது என்கிறார்கள். செலவு கூடுதல். எதற்குப் போவது?

பதில்: ‘வலப்பக்கம்’ என்ற தகவல் மட்டும் போதாது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் செக்மென்ட் எண்ணைப் பாருங்கள். கல்லீரலை ரத்தக் குழாய்களின் கிளைகளை வைத்து 8 செக்மென்டாகப் பிரிக்கிறோம். வலப்பக்கத்தில் 5, 6 இரண்டும் கீழே இருப்பவை. கட்டி அங்கே இருந்தால் லேப்ராஸ்கோப்பியே தாராளமாகப் போதும். ரோபோவுக்காகக் கடன் வாங்க வேண்டாம். 7, 8 என்றால் கணக்கு மாறும்.

காரணம் கருவியின் வடிவம். இரண்டுமே வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்பவைதான். லேப்ராஸ்கோப்பிக் கருவி நேரான குச்சி. வயிற்றில் போட்ட துளையிலிருந்து அது போகிற கோணம்தான் கோணம். 7, 8 இரண்டும் உதரவிதானத்துக்கு அடியில், விலா எலும்புக்குப் பின்னால், பெருஞ்சிரையை ஒட்டி இருக்கின்றன. கல்லீரலின் வளைவே வழியை மறைக்கும். ரோபோக் கருவிக்கு நுனியில் மணிக்கட்டு உண்டு. வளைவைச் சுற்றிப் போய் அங்கே மடங்கும்.

இதன் அருமை தையலில்தான் தெரியும். கல்லீரல் சிரையில் 2 மி.மீ. கிழிசல் விழுந்தால் 5-0 புரோலீன் என்ற மெல்லிய நூல் கோத்த வளைந்த ஊசியை அதன் வளைவின் போக்கிலேயே சுழற்றி எடுக்க வேண்டும். நேர்க் குச்சியால் தவறான கோணத்தில் தள்ளினால் கிழிசல் பெரிதாகும். ரோபோவில் அந்தச் சுழற்சி எளிது, கை நடுக்கமும் வடிகட்டப்படும். ஆனால் பரவலாக உள்ள ரோபோக்களில் இழுவிசை கைக்குத் தெரியாது. நூல் எவ்வளவு இறுகியது என்பதைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். பழகாதவர் இழுத்தால் நூல் அறும், அல்லது சிரையை அறுக்கும்.

கல்லீரலை வெட்டும் கட்டத்தில் நிலைமை தலைகீழ். லேப்ராஸ்கோப்பியில் ‘கியூசா’ என்ற அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. சதையைப் பொடித்து உறிஞ்சிவிட்டு, குழாய்களை நார்போல விட்டுவைக்கும். சின்னதைச் சுட்டு அடைத்து, 3 மி.மீ.க்கு மேற்பட்டதற்குக் கிளிப் போட்டு, பெரிய சிரைக்கு ஸ்டேப்ளர் வைக்கலாம். ரோபோவின் கைக்கு இந்தக் கருவி இல்லை. மின்சாரத்தால் சுடும் பைபோலார் இடுக்கியால் சதையை நசுக்கி நசுக்கிப் போகிறார்கள், அல்லது நோயாளியின் அருகில் நிற்கும் உதவி சர்ஜன் தனித் துளை வழியாகக் கியூசாவைப் பிடிக்கிறார். ஆகவே ரோபோ ஆபரேஷனில் கன்சோலில் (ரோபோவை இயக்கும் மேடையில்) உட்காருபவர் யார் என்று கேட்டால் மட்டும் போதாது. மேஜையருகில் நிற்பவருக்கும் கல்லீரல் ஆபரேஷன் தெரிந்திருக்க வேண்டும். பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

ரத்தக் கட்டுப்பாடு இரண்டிலும் ஒன்றே. கல்லீரலுக்குள் நுழையும் குழாய்களைச் சுற்றி முதலிலேயே ஒரு நாடாவைப் போட்டு வைப்பார்கள். 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்துவார்கள். மயக்க மருந்து நிபுணர் மையச் சிரை அழுத்தத்தை (இதயத்தருகே பெரிய சிரையில் உள்ள ரத்த அழுத்தத்தை) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைப்பார். சிரை திறந்துகொண்டால் வயிற்றில் நிரப்பிய கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துக்குள் போகும். மூச்சில் வெளியேறும் அந்த வாயுவின் அளவு மானிட்டரில் சட்டென்று இறங்குவதுதான் முதல் எச்சரிக்கை. பெரிதாக ரத்தம் பீறிட்டால் ரோபோவில் ஒரு கை துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க, மற்ற கைகளைக் கழற்றி வயிற்றைத் திறக்க வேண்டும். அந்தக் குழு இதை ஒத்திகை பார்த்திருக்கிறதா என்பது இயந்திரத்தின் விலையைவிட முக்கியம்.

ஆய்வுகள் பக்கம் வந்தால், பெரிய லாபம் திறந்த ஆபரேஷனிலிருந்து துளை ஆபரேஷனுக்கு மாறுவதில்தான். நார்வேயின் ஆஸ்லோவில், உங்கள் அப்பாவைப் போலப் பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய 280 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. சிக்கல்கள் திறந்த முறையில் 31 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 19 சதவீதம். மருத்துவமனையில் தங்கியது 96 மணி நேரத்துக்குப் பதில் 53. ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் நேருக்கு நேர் வைத்து ஜெர்மனியின் மான்ஹைமில் 80 பேரிடம் நடந்த ஆய்வில், 90 நாளில் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்வது ரோபோவில் குறைவு என்று பழைய கேஸ்களைத் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. கடினமான செக்மென்டில் அது நிஜமான லாபம்.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் கீமோ போன கல்லீரல் நீலம் பாரித்து, தொட்டாலே கசியும். கடைசி கீமோவுக்குப் பிறகு குறைந்தது 4 வாரம் இடைவெளி விடுவது வழக்கம். மிஞ்சும் கல்லீரலும் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். அடுத்தது, குடல் ஆபரேஷனால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் திசுக்கள். ரோபோவைப் பொருத்துமுன் அவற்றை லேப்ராஸ்கோப்பியிலேயே விடுவிக்க வேண்டியிருக்கும், அதற்கே நேரம் பிடிக்கும்.

இரண்டு மருத்துவமனையிலும் எந்த செக்மென்ட், அதே செக்மென்டில் அந்த சர்ஜன் எத்தனை செய்திருக்கிறார், எத்தனையில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள். ரோபோ எஸ்டிமேட் வாங்கும்போது, பாதியில் திறந்த ஆபரேஷனாக மாறினால் ரோபோக் கருவிகளின் கட்டணம் கழிக்கப்படுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு. பொருத்தியதுமே ஒரு முறை கழிந்துவிடும், பில்லிலும் ஏறிவிடும்.